பிறந்ததற்குப் பதிவு இல்லை

என் அப்பா கடைசியாகச் செய்த கப்பல் பயணம் எனக்காக ஒரு காகிதம் வாங்கப் போனது. அப்போது அவருக்கு எண்பது தாண்டியிருந்தது. நான் டெக்சஸில், இர்விங் நகரத்து அடுக்குமாடி வீட்டில் உட்கார்ந்துகொண்டு அவரைப் போகச் சொன்னேன். "போகாதீங்க" என்று ஒரு முறை சொன்னேன் என்பதும் உண்மைதான். ஆனால் அதை எந்தக் குரலில் சொன்னேன் என்பது எனக்குத் தெரியும்.

நான் பிறந்தது வங்காள விரிகுடாவின் தென்கோடியில், நிக்கோபார் தீவுகளுக்கும் கடைசியில் இருக்கிற ஒரு தீவில். சென்னையைவிட இந்தோனேசியா அதற்குப் பக்கம். நியூ ஜெர்சியில் ஐசலினில் குடியிருந்த முதல் வருடங்களில், மளிகைக் கடையில் பார்க்கிற ஆன்ட்டிகள் "எந்த ஊரும்மா நீ?" என்று கேட்பார்கள். உண்மையைச் சொன்னால், "அந்தமானா? நாங்க ஹனிமூன் போனோமே, சூப்பர் பிளேஸ்!" என்பார்கள். அந்தமான் இல்லை, அங்கிருந்து இன்னும் இரண்டு மூன்று நாள் கப்பலில் தெற்கே போக வேண்டும் என்று விளக்கப் போனால் முகம் மாறிவிடும், நான் ஏதோ பொய் சொல்வதுபோல. பிறகு "சிவகங்கைப் பக்கம்" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். அது அப்பாவின் ஊர். நான் அங்கே மொத்தமாக ஒரு மாதம்கூட இருந்ததில்லை.

அப்பா ராணுவத்தில் சிப்பாயாக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லைத் தீவில் ஆள் குடியேற வேண்டும் என்று அரசாங்கம் முடிவு செய்தபோது, ஓய்வு பெற்ற சிப்பாய்களின் குடும்பங்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பஞ்சாபிகள், மராட்டியர்கள், மலையாளிகள், தெலுங்கர்கள், நாங்கள். ஆளுக்குச் சில ஏக்கர் காட்டைக் காட்டி, வெட்டிக்கொள்ளுங்கள், உங்களுடையது என்றார்கள். அம்மா கல்யாணமாகி வந்து இறங்கியபோது சமையலறைக்குக் கூரை இல்லையாம். மழைக்குள் குடை பிடித்துக்கொண்டு சோறு வடித்ததாகச் சொல்வாள். அந்தத் தீவில் வருடத்தில் பாதி நாளுக்கு மேல் மழை.

எங்களுக்கு முன்பே அங்கே ஆட்கள் இருந்தார்கள் என்பதை அப்பா மறைத்ததில்லை. கடற்கரை கிராமங்களில் நிக்கோபாரிகள், காட்டுக்குள் இன்னொரு பழங்குடி. "நாமளே வந்தேறிங்கதான் பாப்பா. அவங்க கிட்ட யாரும் கேக்கல. நம்மகிட்டயும் பெருசா ஒண்ணும் கேக்கல" என்பார். எங்கள் தீவை ஆண்டது யார் என்று கேட்டால் எனக்குச் சின்ன வயதில் ஒரே பதில்தான்: "சாஹிப்." நிலப்பரப்பிலிருந்து ஓர் அதிகாரி வருவார். இரண்டு வருடம் இருப்பார். எங்கள் பெயர்களை உச்சரிக்கக் கற்றுக்கொள்ளும் சமயத்தில் மாற்றலாகிப் போய்விடுவார். எங்களுக்குச் சட்டசபை கிடையாது, எம்.எல்.ஏ. கிடையாது. தீவுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு எம்.பி. ரேஷன், பள்ளிக்கூடம், கப்பல், ஹெலிகாப்டர், எல்லாம் அந்த ஓர் அலுவலகத்திலிருந்துதான் வரும். வராவிட்டாலும் அங்கிருந்துதான் வராது.

கடல் வந்த டிசம்பரில் எனக்கு இருபத்து நாலு வயது. சென்னையில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பா மேட்டில் இருக்கிற தென்னந்தோப்புக்குப் போயிருந்தார். அம்மா வீட்டில் இருந்தாள். வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரம். அப்பா உயிரோடு இருக்கிறார் என்று எனக்குத் தெரியவந்தது பன்னிரண்டாம் நாள். போர்ட் பிளேருக்கு வந்த ஒரு ராணுவக்காரர் மூலமாக, அவர் கையில் யாரோ எழுதிக் கொடுத்த பெயர்ப் பட்டியலின் மூலமாக. அதில் அம்மாவின் பெயர் இல்லை. அம்மா கிடைக்கவே இல்லை.

அலை மட்டும் வரவில்லை. நிலநடுக்கத்தில் தீவே தெற்குப் பக்கம் சாய்ந்து இறங்கிவிட்டது. எங்கள் வீடு நின்ற இடத்தில் இன்றைக்கும் கடல்தான். பட்டாவில் அது எங்கள் நிலம். அந்தத் தண்ணீர் அப்பாவின் பெயரில் இருந்தது. பள்ளிக்கூடம் போயிற்று, தபாலாபீஸ் போயிற்று, பிறப்பு இறப்புப் பதிவேடுகள் வைத்திருந்த கட்டடமும் போயிற்று.

நான் அமெரிக்கா வந்தபோது அந்தப் பதிவேட்டின் அருமை எனக்குத் தெரியவில்லை. பாஸ்போர்ட்டுக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் போதுமானதாக இருந்தது. கல்யாணம் ஆயிற்று, ஐசலினில் மூன்று வருடம், பிறகு இர்விங். கணவர் பொள்ளாச்சிக்காரர், நிதானமானவர், பதற்றம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். எங்கள் மகள் இங்கேதான் பிறந்தாள். கிரீன் கார்டு வரிசையில் நாங்கள் நின்றது அவளுடைய முழு வயதுக்கும் சமம். ஒருவழியாக எங்கள் தேதி வந்து விண்ணப்பம் போட்டோம். நடுவில் கணவர் வேலை மாறினார். பழைய விசா முடிந்துபோனது. அந்த விண்ணப்பத்தை மட்டும் நம்பித்தான் இந்த நாட்டில் நாங்கள் இருந்தோம்.

அப்போதுதான் குடிவரவு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. கணவருடையது எல்லாம் சரி. மனைவியின் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். பள்ளிச் சான்றிதழ் போதாது. சான்றிதழ் இல்லையென்றால், இல்லை என்று அந்த ஊர் அரசு அலுவலகமே எழுதிக் கொடுத்த காகிதம் வேண்டும். அதற்கு ஒரு கெடு.

மறுநாள் வேலைக்குக் கிளம்பும் முன், காலை ஏழு மணிக்கு அப்பாவை அழைத்தேன். அங்கே மாலை. கடலடி கேபிள் வந்த பிறகு வீடியோவில் அவர் முகம் ஓரளவு தெரியும். மேட்டில் அரசாங்கம் கட்டிக் கொடுத்த இரண்டறை வீட்டின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இதுக்கென்ன, நாளைக்கே ஆபீசுக்குப் போறேன்" என்றார்.

"உங்களால அலைய முடியுமாப்பா?"

"ஆபீஸ் எங்க இருக்கு? நடந்தா இருபது நிமிசம். வேற என்ன வேல எனக்கு?"

அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். பல வருடமாக நான் அவரிடம் எதுவும் கேட்டதில்லை. அவராகப் பேச நினைத்தது வேறு விஷயம். தீவில் பெரிய துறைமுகமும் நகரமும் வரப்போகிறது, எங்கள் தென்னந்தோப்பு இருக்கிற மேட்டையும் அளக்கிறார்கள், மரங்களில் பெயிண்ட்டால் எண் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டம் போட்டார்களாம், கருத்துக் கேட்டார்களாம். "நானும் எந்திரிச்சுப் பேசினேன். இந்தியில. மைக்க வாங்கி அடுத்த ஆள்ட்ட குடுத்துட்டாங்க." நான் "ம்" கொட்டிக்கொண்டே கணினியைத் திறப்பேன்.

தீவு அலுவலகத்தில் மரியாதையாகத்தான் நடத்தியிருக்கிறார்கள். பதிவேடு கடலோடு போனது எல்லாருக்கும் தெரியும், ஆனால் அதை எழுத்தில் கொடுக்கும் அதிகாரம் தங்களுக்கு இல்லை, தலைமை அலுவலகம் போர்ட் பிளேரில் இருக்கிறது, இங்கிருந்து எழுதி அனுப்புகிறோம், பதில் வரும் என்றார்கள். மூன்று வாரம் ஆயிற்று. பதில் வரவில்லை. எங்கள் வக்கீல் அலுவலகத்திலிருந்து வாரம் ஒரு மின்னஞ்சல் வந்தது. ஒரு காலையில் நான் அப்பாவிடம் பொறுமை இழந்து பேசிவிட்டேன்.

"அப்பா, இது வரலன்னா என் அப்ளிகேஷன் போயிடும். புரியுதா? நான் இங்க இருக்க முடியாது, எல்லாம் முதல்லேர்ந்து."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாட்காட்டியைப் பார்த்தார். பிறகு, "வியாழக்கிழமை கப்பல் இருக்கு. நேர்ல போய் வாங்கிட்டு வந்துர்றேன்" என்றார்.

"போகாதீங்கப்பா, இந்த வயசுல."

"பட்டாளத்துல இத விட மோசமான கப்பல்ல போயிருக்கேன்."

நான் இரண்டாவது முறை தடுக்கவில்லை. என் கணவர் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். "அவரு போக வேண்டாங்கற மாதிரி நீ சொல்லலையே" என்றார். குற்றம் சாட்டும் குரல் இல்லை. நான் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

இர்விங்கிலேயே லாஸ் கொலினாஸ் பகுதியில் இருக்கிற என் அலுவலகத்தில் ஒரு பெண் இருந்தார், என்னைவிடப் பத்து வயது பெரியவர். பசிபிக் கடலில் அமெரிக்காவுக்குச் சொந்தமான ஒரு தீவிலிருந்து வந்தவர். எங்கள் குழுவில் நாங்கள் இருவர்தான் மதியச் சாப்பாட்டை மேசையிலேயே வைத்துச் சாப்பிடுகிறவர்கள். என் பிரச்சினையை விளங்கவைக்கத் தேவையே இல்லாமல் புரிந்துகொண்ட ஒரே ஆள் அவர்தான்.

"உங்கள் தீவை யார் ஆள்கிறார்கள்?" என்று கேட்டார்.

"நிலப்பரப்பிலிருந்து வருகிற ஓர் அதிகாரி" என்றேன்.

அவர் சிரித்தார். தன் ஊரில் பிறந்தவர்களுக்கு அமெரிக்க பாஸ்போர்ட் உண்டு, ஆனால் அதில் ஒரு வரி தனியாக அச்சிட்டிருக்கும், இவர் குடிமகன் அல்ல என்று. தன் அப்பா இந்த நாட்டுக்காகப் போருக்குப் போனவர், ஜனாதிபதித் தேர்தலில் ஒரு முறைகூட ஓட்டுப் போட்டதில்லை என்றார். "நாம் இருக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியும். கொடி நடுவதற்கு இடம் வேண்டுமே" என்றார். அவர் அதை ஆங்கிலத்தில், ரொட்டியைக் கிழித்துக்கொண்டே, எந்தக் கோபமும் இல்லாமல் சொன்னார். அந்த நிதானம் எனக்குப் பயமாக இருந்தது. எத்தனை வருடம் கோபப்பட்டால் ஒருவர் அப்படிப் பேச முடியும்?

அப்பா போர்ட் பிளேர் போய்ச் சேர்ந்தார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் எங்கள் தீவுக்காரர்கள் தங்குகிற விடுதியில் இருந்துகொண்டு தினமும் அலுவலகம் போனார். ஆறாவது நாள் காகிதம் கிடைத்துவிட்டது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு வீடியோவில் வந்தார். சிரிப்பு தாங்கவில்லை அவருக்கு.

"பாப்பா, நீ பொறக்கவே இல்லன்னு எழுதி வாங்கிட்டேன்!"

நானும் சிரித்தேன். மகள் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்து, "தாத்தா, யூ லுக் ஸோ ஹேப்பி!" என்றாள். அவர் அவளுக்கும் காகிதத்தைக் காட்டினார். அதிகாரி இளைஞர், நல்ல பிள்ளை, டீ வாங்கிக் கொடுத்தார் என்றார். "அவர்ட்ட சொன்னேன், நான்தான்யா சாட்சி, நான் தூக்கிட்டு நின்னேன், அந்த ஆஸ்பத்திரி வராந்தாவுல, மழை பேயுது... அவர் சொல்றார், அங்கிள், சாட்சிக்கு இதுல கட்டம் இல்லையேன்னு." அசல் காகிதத்தை அங்கிருந்தே தபாலில் எனக்கு அனுப்பிவிட்டு, அதன் படத்தை வக்கீலுக்கு அனுப்பச் சொல்லி என் போனுக்குப் போட்டார். இரண்டு நாள் கழித்துக் கப்பல் ஏறினார்.

திரும்பும் வழியில் கடல் மோசமாக இருந்தது. இரண்டாம் நாள் மாலை, மேல்தளத்துப் படியில் இறங்கும்போது கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து, அப்பா விழுந்தார். இடுப்பெலும்பு. கப்பலிலிருந்து அவரைத் தூக்குக்கட்டிலில் இறக்கித் தீவின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அது நல்ல ஆஸ்பத்திரிதான், காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும். இடுப்பெலும்பு முறிந்த எண்பது வயதுக்காரருக்கு அங்கே அறுவை சிகிச்சை இல்லை. ஹெலிகாப்டரில் போர்ட் பிளேர் கொண்டுபோக வேண்டும்.

இதை எனக்குச் சொன்னவர் அப்பாவின் பக்கத்து வீட்டுக்காரர், ஒரு பஞ்சாபிச் சிப்பாயின் விதவை. நாங்கள் அவரை பாபி, இந்தியில் அண்ணி, என்றுதான் கூப்பிடுவோம்; என்னை அவர் 'பேட்டி', மகளே, என்பார். தீவிலேயே ஐம்பது வருடம் இருந்ததால் தமிழ் பேசுவார், எங்கள் தமிழைவிடக் கொஞ்சம் அதட்டலாக. "ஹெலிகாப்டர் பேரு எழுதியாச்சு. மேகம் போனா வரும். நீ அழாதே. அழுதா மேகம் போகுமா?"

மேகம் போகவில்லை. ஒரு நாள் ஹெலிகாப்டர் பாதி வழி வந்து திரும்பிவிட்டது. யாரையும் குறை சொல்ல முடியாது. பைலட்டுக்கும் குடும்பம் இருக்கும். மூன்றாம் நாள் அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது.

நான் போக வேண்டும் என்றேன். கணவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இப்ப நீ பர்மிஷன் இல்லாம நாட்ட விட்டுப் போனா அப்ளிகேஷன் கைவிட்டதா ஆயிரும். வக்கீல் கிட்ட பேசிட்டேன். எமர்ஜென்சி பர்மிட்னு ஒண்ணு இருக்கு, நேர்ல போய் கேக்கணும். டாக்டர் லெட்டர் வேணும்."

"லெட்டர் வரதுக்குள்ள..."

"தெரியுது. எனக்குத் தெரியுது. ஆனா நீ போயிட்டு உள்ள வர முடியலன்னா, இவ?" என்று மகளின் அறைப் பக்கம் பார்த்தார்.

பாபி டாக்டரிடம் கையால் எழுதி வாங்கிப் படம் எடுத்து அனுப்பினார். குடிவரவு அலுவலகத்துக்கு அந்தப் பசிபிக் தீவுக்காரச் சக ஊழியர்தான் தன் காரில் கொண்டுபோய் விட்டார். இந்த நிலையில் நான் ஓட்ட வேண்டாம் என்றார். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண்மணி கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடுமையானவர் இல்லை. இதில் ஆஸ்பத்திரியின் பெயர் அச்சில் இல்லை, தேதி தெளிவாக இல்லை, சரியான கடிதம் கொண்டுவந்தால் அன்றைக்கே தருகிறேன் என்றார். பிறகு, "இந்த இடம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். போனில் வரைபடத்தைத் திறந்து காட்டினேன். நீல நிறத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் போக வேண்டியிருந்தது. அவர், "ஓ, ஹனி" என்றார்.

மறுநாள் காலை சரியான கடிதம் வந்தது. அதோடு பாபி அப்பாவிடம் போனைக் கொடுத்தார். ஆக்ஸிஜன் மாஸ்க்கை ஒதுக்கிவிட்டுப் பேசினார். மூச்சுக்கு நடுவே ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"காகிதம் வந்துச்சா?"

"இன்னும் வரலப்பா. படம் அனுப்பியாச்சு. போதும். நான் வர்றேன், இன்னிக்கு பர்மிட் வாங்கிட்டு கெளம்புறேன்."

"தபால்ல தான் போட்டேன்... ரசீது சட்டைப் பையில இருக்கு... பாபிகிட்ட சொல்லு."

வேறு எதுவும் பேசவில்லை. நான் வருகிறேன் என்றதை அவர் கேட்டாரா என்று தெரியாது. அன்று பதினொரு மணிக்கு நான் அந்த ஜன்னலுக்கு முன் இரண்டாம் முறை நின்று, அனுமதித் தாளைக் கையில் வாங்கிக்கொண்டு, வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்தபோது போன் அடித்தது. பாபி. அவர் அதட்டவில்லை என்பதிலேயே தெரிந்துவிட்டது. சக ஊழியர் காரின் கதவைத் திறந்துவைத்தபடி நின்றார். நான் ஏறவில்லை. வெயிலில் அந்தத் தாரின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். 

கையில் அனுமதி இருந்தது, அதனால் போனேன். டாலஸிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து போர்ட் பிளேர். இறங்கியபோது அப்பா போய் நான்கு நாள். அங்கே உடலை வைத்திருக்க வசதி இல்லை. இரண்டாம் நாளே தகனம் செய்துவிட்டார்கள். கொள்ளி வைத்தது பாபியின் மூத்த மகன். சாம்பலையும் அங்கேயே கடலில் கரைத்துவிட்டார்கள். அதற்கும் காத்திருக்க முடியாதா என்று போனில் கேட்டுவிட்டேன். பாபி, "யாருக்கு பேட்டி காத்திருக்க? நீ வருவேன்னு எந்தக் கப்பல் சொல்லுச்சு?" என்றார்.

அது உண்மைதான். கடல் சரியில்லை என்று கப்பலை நிறுத்தியிருந்தார்கள். தினமும் காலையில் சீட்டு கொடுக்கிற கவுன்டருக்குப் போவேன். வரிசையில் நிற்பவர்கள் எல்லாரும் என்னைப் போலத்தான், சாவுக்கும் பிரசவத்துக்கும் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்து மாட்டிக்கொண்டவர்கள். நான்காம் நாள் ஜன்னலில் இருந்த பையன் என் தீவுவாசி அட்டையைக் கேட்டான். பழைய அட்டையைக் கொடுத்தேன். கல்லூரிக்குப் போகும்போது எடுத்தது, இரண்டு பின்னல் போட்ட படம். எப்போதோ காலாவதியாகியிருந்தது.

"மேடம், இது இல்லாம நீங்க வெளியாள் கணக்கு. வெளியாளுக்குத் தனி பர்மிட் வேணும், பழங்குடிப் பகுதி இல்லையா. அந்த ஆபீஸ்ல அப்ளை பண்ணுங்க."

"நான் அங்கதாம்பா பொறந்தேன்."

"பர்த் சர்டிபிகேட் இருந்தா குடுங்க மேடம், உடனே போட்டுத் தர்றேன்."

அவன் உண்மையில் உதவத்தான் பார்த்தான். நான் வரிசையை விட்டு வெளியே வந்து, படகுத்துறைச் சுவரில் சாய்ந்து நின்றேன். அம்மாவைக் கொண்டுபோன அதே கடல், இப்போது அப்பாவும் அதில்தான். கீழே இறங்கித் தண்ணீரைத் தொடலாம், படி இருந்தது. எனக்குத் தொடப் பிடிக்கவில்லை.

பர்மிட்டுக்கு விண்ணப்பித்தேன். அது கிடைத்த அன்று என் விடுமுறை முடிய மூன்று நாள் இருந்தது. கப்பல் அன்றைக்கும் கிளம்பவில்லை. கிளம்பியிருந்தாலும், போய்ச் சேர இரண்டு நாளுக்கு மேல், திரும்பும் கப்பல் எப்போது என்று கடவுளுக்கும் தெரியாது. என் அனுமதித் தாளிலும் ஒரு கடைசித் தேதி இருந்தது. கணவரை அழைத்தேன்.

"என்ன பண்ணட்டுங்க?"

 "நீ என்ன முடிவு பண்ணாலும் நான் தப்புன்னு சொல்ல மாட்டேன்" என்றார். அந்த வார்த்தை எனக்கு உதவவில்லை. யாராவது அதட்டி 'போ' என்றோ 'வா' என்றோ சொல்லியிருந்தால் இன்றைக்கு அவர்கள் மேல் கோபமாவது மிஞ்சியிருக்கும்.

திரும்பி வந்துவிட்டேன். என் தீவை நான் பார்க்கவில்லை.

இர்விங்கில் வீட்டுக் கதவைத் திறந்தபோது மேசையில் தபால் உறை கிடந்தது. முந்தின நாள் வந்ததாம். முகவரியை அப்பா ஆங்கிலத்தில் பெரிய எழுத்துகளாக, பட்டாளத்தில் பெட்டிகளின் மேல் எழுதுவார்களே அதுபோல எழுதியிருந்தார். டெக்சஸ் என்பதற்குக் கீழே இரண்டு கோடு. மகள் என்னைக் கட்டிக்கொண்டு, "அம்மா, டூ யூ வான்ட் மீ டு ஓப்பன் இட்?" என்றாள். வேண்டாம் என்றேன். வக்கீலுக்கு அசல் தேவைப்பட்டது. கணவர்தான் பிரித்து எடுத்துக்கொண்டு போனார். உறையை மட்டும் நான் வைத்துக்கொண்டேன்.

ஐந்து மாதத்தில் கிரீன் கார்டு வந்தது. கணவர் இனிப்பு வாங்கி வரவில்லை. நல்ல மனிதர்.

இடையில் தீவிலிருந்து ஓர் அறிவிப்பு, பாபி படம் எடுத்து அனுப்பினார். தோப்பு நிலத்தை எடுக்கிறார்கள், உரிமையாளரின் வாரிசு ஆவணங்களோடு வரவேண்டும். புதிதாக வந்திருந்த அதிகாரிக்குப் போன் செய்தேன். மரியாதையாகப் பேசினார். நான் அவருடைய மகள் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். கடல் வந்துபோன பிறகு கொடுத்த புது ரேஷன் அட்டையில் அப்பா பெயர் மட்டும்தான், நான் அப்போது சென்னையில். பிறப்புச் சான்றிதழ் இல்லை. இல்லை என்பதற்கு அவர்களுடைய அலுவலகமே கொடுத்த காகிதம் இருக்கிறது. அதையும் சொன்னேன்.

"மேடம், அந்தக் காகிதத்தை இங்க காட்டினா உங்களுக்கு எதிராத்தான் போகும்."

கோர்ட்டுக்குப் போகலாம், பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயர் இருக்கிறது, நேரில் வந்தால் வழி பிறக்கும் என்றும் சொன்னார். நன்றி சொல்லி வைத்துவிட்டேன். சண்டை போட்டிருக்கலாம். எனக்கு முன்னால் அந்தத் தோப்பில் யாருக்கு உரிமை இருந்தது, அவர்கள் எந்தக் காகிதத்தைக் காட்டினார்கள் என்ற நினைப்பு ஒரு பக்கம். மறுபக்கம், வெறும் சோர்வு. பெரிய காரணம் சொல்லி அதை மறைக்க விரும்பவில்லை. நான் சோர்ந்துபோயிருந்தேன்.

போன மாதம், காலையில் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு அலுவலக வாசலில் வண்டியை நிறுத்தும்போது பாபி அழைத்தார். மழைச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசினார்.

"தோப்ப அளக்க சர்வேக்காரங்க வந்திருக்காங்க பேட்டி. தங்க இடம் இல்ல. உங்க அப்பா வீட்டு சாவிய குடுத்துட்டேன். சின்னப் பசங்க, ரொம்ப தூரத்துலேர்ந்து வந்திருக்காங்க, நனைஞ்சு போயி. தப்பா?"

"தப்பில்ல பாபி."

"கட்டில்ல படுக்கலாமான்னு கேட்டாங்க. படுங்கன்னு சொல்லிட்டேன்."

"படுக்கட்டும்" என்றேன். அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை போல. இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன். பிறகு வண்டியைப் பூட்டிவிட்டு, அலுவலக அட்டையைத் தேய்த்து, உள்ளே போனேன்.